பழைய 120 ஃபிலிம் கேமராக்களில் டிஜிட்டல் பேக்

120 ரோல் ஃபிலிமுக்கெனச் செய்த மீடியம் ஃபார்மட் கேமராவிலிருந்து ஃபிலிம் பெட்டியைக் கழற்றிவிட்டு, ஒளியுணரி பதித்த மின்னணுப் பெட்டியை அதே இடத்தில் மாட்டிப் படமெடுக்கும் முறை இது. அந்தப் பெட்டியே டிஜிட்டல் பேக். கேமராவை விட்டுவிட்டு, அதன் லென்ஸை மட்டும் அடாப்டர் மூலம் புதிய கேமராவில் பொருத்துவது இதன் இளைய கிளை. சித்தூர், கொழிஞ்சாம்பாறையிலிருந்து மூணாறு, குமுளி வரை, கேரளத்தின் பாலக்காடு, இடுக்கி மாவட்டங்களின் தமிழக எல்லையோர ஊர்களைப் பொறுத்தவரை இளைய கிளைதான் முக்கியம். அதற்கான காரணம் கேமராக்களின் முதுகில் இருக்கிறது.

120 ஃபிலிமைக் கோடாக் 1901-இல் கொண்டுவந்தது. அகலம் சுமார் 6 செ.மீ.; 6×6 சதுரத்தில் சுருளுக்கு 12 படம். 1929-இல் ஜெர்மனியில் வெளியான ரோலைஃப்ளெக்ஸ், பார்க்க ஒரு லென்ஸும் பதிய ஒரு லென்ஸுமாக இரட்டை லென்ஸ் கேமராவை உலகெங்கும் பரப்பியது. நம் பக்கத்து ஸ்டுடியோக்களில் அது வசதி உள்ளவர்களின் கேமரா. மற்றவர்களுக்கு ஜப்பானின் யாஷிகா கைகொடுத்தது. அதன் கடைசி வடிவமான யாஷிகா மேட் 124ஜி 1970 முதல் 1986 வரை தயாரானது. ஃபிலிமுக்கும் வெகுதூரம் போக வேண்டியிருக்கவில்லை. பாலக்காட்டை அடுத்த நீலகிரியில், உதகையில், 1960-இல் நிறுவப்பட்ட ஹிந்துஸ்தான் போட்டோ ஃபிலிம்ஸ் 1967-இல் உற்பத்தியைத் தொடங்கி, ‘இந்து’ என்ற பெயரில் கறுப்பு வெள்ளை ஃபிலிம் விற்றது. கல்யாணம், பள்ளிக்கூடக் குழுப்படம், பாஸ்போர்ட் படம் எல்லாம் இந்த இரட்டை லென்ஸ் பெட்டிக்குள்தான் போய் வந்தன. மூடியைத் திறந்து ஃபிலிம் சுற்றி மூடுவதுதான் அதன் அமைப்பு. பின்புறத்தைத் தனியாகக் கழற்றி வேறொன்றை மாட்ட வழியில்லை.

ஸ்வீடனின் ஹாசல்பிளாட் 1948-இல் வெளியிட்ட கேமரா வேறு எண்ணத்தில் பிறந்தது. லென்ஸ், உடல், ஃபிலிம் பெட்டி மூன்றும் தனித்தனி. பாதிச் சுருளில் கறுப்பு வெள்ளையை எடுத்துவிட்டு வண்ண ஃபிலிம் பெட்டியை மாட்டலாம். 1957-இல் வந்த 500சி, ஷட்டரை லென்ஸுக்குள்ளேயே வைத்தது. 1970-இல் மாமியா ஆர்பி67-உம் கழற்றும் பின்பெட்டியோடு வந்தது. ஃபிலிம் மாற்றும் வசதிக்காகச் செய்த இந்த ஏற்பாடு, டிஜிட்டலுக்கு வாசல் திறந்துவிடும் என்று அதைச் செய்தவர்கள் நினைத்திருக்கவே முடியாது.

அந்த வாசலில் முதலில் நுழைந்தது லீஃப் நிறுவனம். 1991-இல் அது வெளியிட்ட பேக் 2048×2048 புள்ளிகள், அதாவது 4 மெகாபிக்சல் கொண்டது. ஒளியுணரிக்கு நிறம் தெரியாது. சிவப்பு, பச்சை, நீல வடிகட்டிகளை மாற்றி மாற்றி மூன்று முறை படமெடுத்து, கம்ப்யூட்டரில் ஒன்றாக்க வேண்டும். பேக்கைக் கம்ப்யூட்டரோடு இணைக்கும் கம்பியை அவிழ்க்கவும் முடியாது. விளம்பரத்துக்கு ஒரு வாசனைத் திரவியப் புட்டியை எடுக்க இது போதும். மணமேடையில் பெண்ணையும் மாப்பிள்ளையையும் மூன்று முறை மூச்சடக்கி நிற்கச் சொல்ல முடியுமா? டென்மார்க்கின் ஃபேஸ் ஒன் 2004-இல் கொண்டுவந்த 22 மெகாபிக்சல் பி25 போன்றவை வந்த பிறகு மெமரி கார்டும் பேட்டரியுமாக வெளியே நடப்பது எளிதானது. ஹாசல்பிளாட் தன் பழைய வாடிக்கையாளர்களை நினைத்து 2006-இல் 16 மெகாபிக்சல் சிஎஃப்வி பேக்கை வெளியிட்டது. 2014-இல் சிசிடி வகை ஒளியுணரிக்குப் பதிலாக சிமாஸ் வகை வந்ததும் மங்கலான வெளிச்சத்திலும் பேக் பயன்பட்டது. அதற்கு முந்தைய ஆண்டே ஹாசல்பிளாட் 500 வரிசைக் கேமராக்களின் உற்பத்தி நின்றுபோயிருந்தது என்பது வேடிக்கை.

பேக்கை மாட்டுவது எளிது. ஃபிலிமைப் போலவே அது நடந்துகொள்ளும் என்று நினைத்தால்தான் தொல்லை. 6×6 என்பது உண்மையில் 56×56 மி.மீ. ஆனால் விற்பனைக்கு வந்த பேக்குகளில் பெரியவற்றின் ஒளியுணரியே சுமார் 54×40 மி.மீ.தான், பரவலானது 44×33. ஆகவே 80 மி.மீ. லென்ஸின் பார்வை குறுகிவிடும், 50 மி.மீ. லென்ஸின் அகலம் காணாமல் போகும். அடுத்தது ஃபோகஸ். பல்லாண்டு பழைய கேமராவில், பார்க்கும் திரைக்கு ஒளியைத் திருப்பும் கண்ணாடியைத் தாங்கும் நுரைத்துண்டுகள் நைந்து, கண்ணாடி இம்மியளவு இறங்கியிருக்கும். ஃபிலிமில் கண்ணுக்குப் படாத அந்தப் பிழையை 50 மெகாபிக்சல் பேக் அப்பட்டமாகக் காட்டும். பழைய பயோகான் போன்ற அகலக்கோண லென்ஸ்களில் ஒளி ஓரங்களை மிகச் சாய்வாக அடைவதால், படத்தின் விளிம்பில் பச்சையோ ஊதாவோ ஏறும். லென்ஸின் முன் வெள்ளைத் தகட்டை வைத்து ஒரு படம் எடுத்து, மென்பொருளில் அதைக் கழித்துச் சரிசெய்வார்கள்.

இந்த எல்லைப் பகுதியின் தட்பவெப்பமும் பேக்குக்கு நண்பன் அல்ல. வெப்பம் 6 முதல் 8 டிகிரி கூடும்தோறும் ஒளியுணரியில் வெளிச்சமில்லாமலே எழும் மின்னோட்டம் ஏறக்குறைய இரட்டிக்கும். நிழல்களில் புள்ளிகள் தெரியும். மார்ச், ஏப்ரலில் 40 டிகிரியைத் தொடும் பாலக்காட்டில் பழைய சிசிடி பேக் திணறும். பாலக்காட்டுக் கணவாய்க் காற்றோ தூசியைக் கொண்டுவரும். ஃபிலிமில் ஒவ்வொரு படமும் புதுப் பரப்பில் விழுகிறது. ஒளியுணரியில் ஒட்டிய தூசி துடைக்கும்வரை எல்லாப் படத்திலும் நிற்கும்.

இருந்தாலும், பேக் இங்கே வேரூன்றாததற்கு வெயிலைக் குறைசொல்லக் கூடாது. ஒரு பேக்கின் விலையில் கார் வாங்கலாம் என்பது ஒன்று. ஸ்டுடியோக்காரர் கையில் இருந்த யாஷிகாவில் அதை மாட்டவே முடியாது என்பது இன்னொன்று. ஆக, சிற்றூர் ஸ்டுடியோக்கள் 120-இலிருந்து 35 மி.மீ. வண்ண ஃபிலிமுக்கும், 2003-க்குப் பின் விலை குறைந்த டிஜிட்டல் எஸ்எல்ஆருக்கும் நகர்ந்தன. பேக் என்ற படியில் கால் வைக்கவில்லை.

லென்ஸை மட்டும் மாட்டும் இளைய கிளைக்கோ இங்கே மரபு உண்டு. நாவலாசிரியர் மாதவையாவின் மகனும் காட்டுயிர் எழுத்தாளருமான மா. கிருஷ்ணன் (1912–1996), ஒரு நிறுவனத்தின் கேமரா உடலையும் இன்னொன்றின் தொலைநோக்கு லென்ஸையும் தானே இணைத்துச் செய்த கருவியோடு தென்னகக் காடுகளில் யானைகளைப் படமெடுத்தார். ‘சூப்பர் பாண்டரோசா’ என்று அதற்குப் பெயர் வைத்திருந்தார். அவர் கையால் செய்ததை இன்று கடையில் விற்கும் அடாப்டர் செய்கிறது. ஹாசல்பிளாட்டில் லென்ஸ் வளையத்துக்கும் ஃபிலிமுக்கும் இடைவெளி 74.9 மி.மீ.; மாமியா 645-இல் 63.3; பென்டாக்ஸ் 67-இல் சுமார் 85. 2017-இல் வந்த ஃபூஜி ஜிஎஃப்எக்ஸ் டிஜிட்டல் கேமராவில் 26.7தான். மிச்சத் தூரத்தை வெறுங்குழாய் நிரப்பினால் போதும். ஃபோகஸ் கையால்தான். ஆனால் திரையில் பெரிதாக்கிப் பார்க்கலாம் என்பதால் கண்ணாடி, நுரை தொல்லைகள் இல்லை. மூணாறை அடுத்த எரவிக்குளத்தில் பாறையில் அசையாமல் நிற்கும் வரையாட்டுக்கு இது தாராளம், பறவைக்கு ஆகாது.

பழைய லென்ஸ் வாங்குபவர் இடுக்கியில் முதலில் பார்க்க வேண்டியது பூஞ்சை. மாதக்கணக்கில் மழையும் மூடுபனியுமாக இருக்கும் மலையில், தோலுறைக்குள் பூட்டிவைத்த லென்ஸில் சிலந்திவலை போல் அது படரும். முற்றினால் கண்ணாடியின் பூச்சையே அரித்துவிடும். சிலிக்கா ஜெல், அல்லது அலமாரிக்குள் எரியும் ஜீரோ வாட்ஸ் பல்பு, இவை பழைய காப்பு. ஈரப்பதத்தை 40–50 சதவீதத்தில் நிறுத்தும் உலர்பெட்டி இன்னும் நல்லது.

ஹாசல்பிளாட் 2024-இல் வெளியிட்ட 100 மெகாபிக்சல் சிஎஃப்வி 100சி, 1957-க்குப் பின் வந்த அந்நிறுவனத்தின் பெரும்பாலான பழைய கேமராக்களில் இன்றும் பொருந்துகிறது. யாஷிகாவுக்கு அந்த வழி இல்லாவிட்டாலும், அது எடுத்த நெகட்டிவுகளுக்கு உண்டு: ஒளிப்பலகையில் வைத்து, மேக்ரோ லென்ஸ் மாட்டிய எந்த நல்ல டிஜிட்டல் கேமராவிலும் நகலெடுக்கலாம். தமிழ் ஸ்டுடியோக்களின் பழைய படங்களை டிஜிட்டலாக்கும் பணியைப் புதுச்சேரி பிரெஞ்சு நிறுவன ஆய்வாளர்கள் பிரிட்டிஷ் நூலகத்தின் ஆதரவோடு செய்திருக்கிறார்கள். மூடிய ஸ்டுடியோவின் பரணில் நெகட்டிவ் பெட்டி வைத்திருப்பவர்கள் அதை எடைக்குப் போடுவதற்கு முன், இப்படி நகலெடுக்க ஒருவரைத் தேடுங்கள்.