சத்திரத்து நெல்

போன சம்பா நடவு சமயம் சுற்றுலா மேலாண்மை படிக்கிற மாணவர் ஒருவர் எங்கள் வயலுக்கே வந்துவிட்டார். ஒரத்தநாடு பக்கத்துக் கிராமங்களில் சுற்றுலாவுக்கு என்ன வாய்ப்பு இருக்கிறது என்று ஆய்வு செய்கிறாராம். கையில் நாலு பக்கக் கேள்வித்தாள். வரப்பில் உட்கார்ந்தே ஆரம்பித்தார்.

"ஐயா, இந்தப் பக்கம் வெளியூர்க்காரங்க தங்கிச் சாப்பிட வசதி இருக்கா?"

"இப்ப பெருசா இல்ல தம்பி. இருநூறு வருசத்துக்கு முன்னாடி நல்லாவே இருந்துச்சு."

அவர் சிரித்தார். நான் விளையாட்டுக்குச் சொல்லவில்லை. தஞ்சாவூரிலிருந்து பட்டுக்கோட்டை போகிற சாலையில் ஒரத்தநாட்டில் இறங்கினால் முக்தாம்பாள் சத்திரத்தைப் பார்க்கலாம். இரண்டாம் சரபோஜி 1802இல் கட்டியது. யானையும் குதிரையும் இழுத்துப் போகிற தேர் மாதிரி அடித்தளத்தைக் கல்லில் செதுக்கியிருப்பார்கள். முக்தாம்பாள் அவருடைய பிரியத்துக்குரிய பெண். சாகும் தறுவாயில் "என் பேர்ல ஒரு அன்ன சத்திரம் கட்டுங்க" என்று அவள் கேட்டதாக ஊரில் ஒரு கதை உண்டு. பள்ளிக்கூடமாகவும் மாணவர் விடுதியாகவும் ரொம்ப காலம் இருந்த கட்டடம் அது. சின்ன வயசில் அந்தக் கல் குதிரை மேல் ஏறாத பையன் எங்கள் ஊரில் இல்லை.

இது ஒற்றைச் சத்திரம் இல்லை. வடக்கேயிருந்து ராமேசுவரம் போகிற யாத்ரிகர்கள் நடந்தே வந்த காலம் அது. அவர்களுக்காகத் தஞ்சை மராட்டிய மன்னர்கள் வழியெல்லாம் சத்திரம் வைத்தார்கள். நீடாமங்கலத்தில் யமுனாம்பாள் சத்திரம், மணமேல்குடியில் திரௌபதாம்பாள் சத்திரம். சேதுபாவாசத்திரம் என்ற ஊருக்குச் சத்திரமே பேராகிவிட்டது. பெரும்பாலும் அரண்மனைப் பெண்கள் பேரில்தான் கட்டினார்கள்.

அங்கே என்ன நடந்தது என்பது சரபோஜி 1801இல் கம்பெனியின் ரெசிடெண்டுக்கு எழுதிய கடிதத்தில் இருக்கிறது. இரண்டு வருசம் முன்பு, 1799இல்தான் நாட்டு நிர்வாகம் கம்பெனி கைக்குப் போயிருந்தது. சத்திரங்களும் போய்விடக்கூடாதே என்ற கவலையில் எழுதியிருக்கிறார். எந்தச் சாதி, எந்த மடத்துக்காரர் வந்தாலும் சோறு உண்டு. சமைத்ததைச் சாப்பிடாதவர்களுக்கு அரிசியும் சாமானும். நடுராத்திரியில் மணி அடித்து, சாப்பிடாதவர் யாராவது இருந்தால் வாருங்கள் என்று கூப்பிடுவார்கள். நோயாளிக்கு வைத்தியர், பாம்புக்கடிக்கு மருந்து, கர்ப்பிணிக்குப் பிரசவம் வரை கவனிப்பு, கைக்குழந்தைக்குப் பால், அநாதைப் பிள்ளைக்குப் படிப்பு. வழியில் செத்துப்போனால் அவரவர் முறைப்படி காரியம். இத்தனையையும் அடுக்கிவிட்டு, இந்தச் சத்திரங்களால்தான் தஞ்சாவூருக்குத் தர்மராஜ்ஜியம் என்று பேர், அதுதான் என் பதவிக்கே பெரிய மரியாதை என்கிறார்.

எல்லாம் பொன்னாக இருந்தது என்று சொல்ல வரவில்லை. அந்தக் காலத்துச் சத்திரத்தில் எல்லாருக்கும் சோறு என்றாலும் எல்லாருக்கும் ஒரே பந்தி கிடையாது. நடை மாறினாலும் சாதி வரிசை மாறவில்லை.

விவசாயி என்பதால் எனக்கு வேறு ஒரு கேள்வி வரும். இத்தனை பேருக்கும் நெல் எங்கிருந்து வந்தது? சத்திரத்துக்கென்று கிராமங்களையே எழுதிவைத்தார்கள். அந்த வயலில் விளைந்தது அந்த அடுப்புக்குப் போனது. எங்கள் தாத்தா அப்படி ஒரு சத்திரத்து நிலத்தைத்தான் குத்தகைக்கு உழுதார். இன்றும் மாவட்ட நிர்வாகத்தில் சத்திர நிலங்களுக்குத் தனிப் பிரிவு இருக்கிறது. "சத்திரத்துக்கு அளக்கிற நெல்லுல பதர் இருக்கக்கூடாது, யாரோ பசிச்சவன் சாப்பிடறது" என்று தாத்தா சொல்வாராம். அவர் காலத்தில் அந்தப் பசித்தவன் வருவது எப்போதோ நின்றிருந்தது.

ஏன் நின்றது? 1855இல் தஞ்சை அரசே கம்பெனியோடு சேர்க்கப்பட்டது. 1861இல் நாகப்பட்டினத்திலிருந்து தஞ்சாவூருக்கு ரயில் வந்தது. 1914இல் பாம்பன் பாலம் திறந்ததும் ராமேசுவரத்துக்கே ரயிலில் போகலாம் என்றானது. நடக்கிறவன் இல்லாமல் நடைவழிச் சத்திரத்துக்கு என்ன வேலை? வயல் இருந்தது, கட்டடம் இருந்தது. இரண்டையும் சேர்த்த சோறு மட்டும் போய்விட்டது.

இந்தக் கதையை மாணவரிடம் சொன்னதற்கு என் சொந்தக் காரணம் ஒன்று உண்டு. 2018 நவம்பரில் கஜா புயல் எங்கள் தென்னந்தோப்பை ஒரே ராத்திரியில் படுக்கப்போட்டது. அதிலிருந்து மகள் சொல்லிக்கொண்டே இருக்கிறாள்: "அப்பா, தோப்பு இருந்த எடத்துல ஆறு ரூம் கட்டுவோம். பெரிய கோயில் பார்க்க வர்றவங்க ஒரு நாள் இங்க வந்து தங்கட்டும்." அவள் சொல்வதில் நியாயம் இருக்கிறது. பெரிய கோயில் 1987இல் யுனெஸ்கோ பட்டியலில் ஏறியது. அதைப் பார்க்க வருகிற கூட்டம் எங்கள் பக்கம் எட்டிப்பார்ப்பதில்லை. தென்னை மறுபடி காய்க்க வருசக்கணக்கில் ஆகும், கடன் காத்திருக்காது.

ஆறு அறைக்கு இன்னொரு கடன் வாங்க வேண்டும். நாளைக்குப் புதுச் சாலை வேறு பக்கம் போனால், சத்திரத்துக்கு ரயில் செய்ததை அது எனக்குச் செய்யும். அந்தப் பயத்தில்தான் இத்தனை நாள் "பார்ப்போம்" என்றே சொல்லிவந்தேன்.

மாணவர் போன அன்றைக்கு ராத்திரி மகளோடு உட்கார்ந்து கணக்குப் போட்டோம். ஆறு இல்லை, இரண்டு அறை. புதுக் கட்டடம் இல்லை, பழைய கொட்டகையைச் சீர்செய்வது. அறைக்கு வாடகை உண்டு, சோத்துக்குக் கிடையாது. அதற்குப் புதாத்துப் பாசனத்தில் இருக்கிற மூணு மா நிலத்தை ஒதுக்குவது. வருகிறவர் இல்லாத வருசம் அந்த நெல்லை விற்றுக்கொள்ளலாம், வயல் வீணாகாது. "சோத்துக்கு வாங்கலைன்னா கட்டுபடி ஆகுமாப்பா?" என்று கேட்டாள். நியாயமான கேள்வி. ஒரு வருசம் பார்ப்போம், ஆகவில்லை என்றால் மாற்றிக்கொள்வோம் என்றேன்.

கஜா சமயத்தில் சென்னையிலிருந்தும் கோயம்புத்தூரிலிருந்தும் முகம் தெரியாத பிள்ளைகள் தண்ணீரும் அரிசியும் கொண்டுவந்தார்கள். கரண்ட் இல்லாத எங்கள் திண்ணையில் படுத்து எழுந்தார்கள். ஒருவரும் எங்களிடம் காசு கேட்கவில்லை. அதுவும் அந்தக் கணக்கில் இருந்தது.

தை அறுப்பு முடிந்ததும் கொட்டகை வேலை ஆரம்பிக்கிறோம். வருகிறவர்கள் முன்கூட்டியே சொல்லிவிட்டு வாருங்கள், உலை வைக்கத் தோதாக இருக்கும். சொல்லாமல் வந்தால் கொஞ்சம் காத்திருக்க வேண்டும், அவ்வளவுதான்.