பத்மநாபபுரம் அரண்மனை

பத்மநாபபுரம் அரண்மனை, கன்னியாகுமரி மாவட்டம் தக்கலைக்கு அருகே, வேளிமலை அடிவாரத்துக் கருங்கல் கோட்டைக்குள் உள்ளது. திருவிதாங்கூர் மன்னர்களின் பழைய தலைநகரம் இது. 1601 அளவில் இரவிவர்ம குலசேகரப் பெருமாள் கட்டத் தொடங்கியதை, 1729 முதல் 1758 வரை ஆண்ட மார்த்தாண்ட வர்மா விரித்துக் கட்டினார். 1750இல் நாட்டையே பத்மநாபசுவாமிக்கு எழுதிவைத்து, தம்மைப் பத்மநாபதாசன் என அழைத்துக்கொண்டவர் அவர். கல்குளம் என்றிருந்த ஊருக்கு இன்றைய பெயர் வந்ததும் அவர் காலத்தில்தான். 18ஆம் நூற்றாண்டின் இறுதியில் தலைநகரம் திருவனந்தபுரத்துக்கு மாறியது.

1956 நவம்பர் 1 அன்று கன்னியாகுமரி மாவட்டம் தமிழ்நாட்டோடு இணைந்தது. அரண்மனை மட்டும் கேரளத் தொல்லியல் துறையிடமே நின்றுவிட்டது. தமிழ்நாட்டு மண்ணில், கேரள அரசிடம் நுழைவுச்சீட்டு வாங்கிக்கொண்டு உள்ளே போக வேண்டும். இரு மாநிலங்களும் இதில் சண்டையிட்டுக்கொள்ளாதது ஆறுதல். 2014 முதல் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியச் சின்னங்களுக்கான உத்தேசப் பட்டியலில் அரண்மனையின் பெயர் இருக்கிறது.

நுழைவு மண்டபமான பூமுகத்தின் மரக் கூரையில் விதவிதமான பூக்கள் செதுக்கப்பட்டுள்ளன. அதன் மாடியிலுள்ள ஆலோசனைக் கூடமான மந்திரசாலையில் வண்ண மைக்கா பதித்த சன்னல்கள் வழியே மங்கலான ஒளி விழுகிறது. தரை முகம் தெரியும் அளவுக்குக் கருமையாக மின்னும். சுண்ணாம்போடு சிரட்டைக் கரியும் முட்டை வெண்கருவும் சேர்த்து இழைத்தது என்பார்கள். ஊட்டுப்புரையின் இரு தளங்களிலும் தளத்துக்கு ஆயிரம் பேர் உட்கார்ந்து சாப்பிடலாம். தொகுதியிலேயே பழையது தாய்க்கொட்டாரம். நான்கு நிலை கொண்ட உப்பரிகை மாளிகையில், 64 வகை மூலிகை மரங்களால் ஆனதாகச் சொல்லப்படும் அரசரின் கட்டில் இருக்கிறது.

ஆண்டுக்கு ஒருமுறை இந்த அரண்மனை அருங்காட்சியகம் என்ற நிலையிலிருந்து விடுபடுகிறது. நவராத்திரிக்கு முன்பு இங்கேதான் அரச உடைவாள் கைமாறும். அரண்மனையின் தேவாரக்கட்டு சரஸ்வதி யானை மீதும், வேளிமலைக் குமாரசுவாமியும் சுசீந்திரம் முன்னுதித்த நங்கையும் பல்லக்குகளிலும் திருவனந்தபுரம் புறப்படுவார்கள். இந்தச் சரஸ்வதி கம்பர் வழிபட்ட விக்கிரகம் என்பது செவிவழிச் செய்தி. வழியில் குழித்துறையிலும் நெய்யாற்றின்கரையிலும் இரவுத் தங்கல். எல்லையான களியக்காவிளையில் கேரளத்தின் வரவேற்பு. மூன்றாம் நாள், நவராத்திரிக்கு முந்தைய மாலை, ஊர்வலம் போய்ச் சேரும். கிழக்குக் கோட்டை நவராத்திரி மண்டபத்தில் சரஸ்வதி வீற்றிருக்க, ஒன்பது நாளும் சுவாதித் திருநாளின் நவராத்திரி கிருதிகள் பாடப்படும். தலைநகரம் மாறுவதற்கு முன் விழா நடந்த பழைய நவராத்திரி மண்டபம் இன்றும் அரண்மனைக்குள் இருக்கிறது. கொலு முடிந்ததும் விக்கிரகங்கள் அதே வழியில் திரும்பும்.

அரண்மனையைக் கன்னியாகுமரிச் சுற்றுலாவின் நடுவே ஒரு மணி நேரத்தில் ஓடிப் பார்ப்பவர்களே அதிகம். அரை நாளாவது வேண்டும். ஊர்வலத்தைக் காண விரும்புவோர் பஞ்சாங்கம் பார்த்து, நவராத்திரி தொடங்குவதற்கு மூன்று நாள் முன்பே காலையில் வந்துவிட வேண்டும். செருப்பை வாசலிலேயே விட வேண்டும். திங்கட்கிழமை விடுமுறை.