பதினோராவது அறிக்கை

மென்பொருள் திட்டம் ஒன்றின் நிலவரம் முழுக்க ஏதோ ஓர் அட்டவணையில் அடைந்து கிடக்கும். எது பிழை, எது புதிய வசதி, யார் கையில் இருக்கிறது, எந்த மைல்ஸ்டோனுக்குள் முடிய வேண்டும், எத்தனை மணி நேரம் ஆகும் என்று முதலில் சொன்னார்கள், இதுவரை எவ்வளவு ஆயிற்று. இவ்வளவும் பதிவாகியிருந்தும் கேட்டவுடன் பதில் கிடைக்காது. ஒவ்வொருவர் கேள்வியும் ஒவ்வொரு விதம். திட்ட மேலாளருக்கு இந்த வெளியீட்டில் மிச்சம் என்ன என்று தெரிந்தாக வேண்டும். டெஸ்டிங் ஆட்களுக்கு, முடிந்தது என்று மூடிய பிறகு மறுபடி திறக்கப்பட்ட டிக்கெட்டுகள், அதாவது பிழை அல்லது வேலைப் பதிவுகள், வேண்டும். கணக்குப் பிரிவுக்கு பில் போடக்கூடிய மணி நேரம் மட்டும் போதும். கருவியைச் செய்தவர் பத்து அறிக்கைகளை முன்கூட்டியே செய்து வைத்திருப்பார். நமக்கு வேண்டியது எப்போதும் பதினோராவது.

அந்தப் பதினோராவதை என்ன செய்வது என்பதற்கு 2002 வாக்கில் ஒருவர் சற்று முரட்டுத்தனமான வழி கண்டார். அறிக்கை வடிவமைக்க என்று தனியாக எதையும் செய்யவில்லை. தரவுத்தளத்திடம் கேட்க வேண்டிய கேள்வியை எஸ்க்யூஎல் மொழியிலேயே எழுதிக்கொள்ளும்படி வலைப்பக்கத்தில் ஒரு பெட்டியை வைத்துவிட்டார். கேள்வியைச் சேமித்தால் அதுவே அறிக்கை. அவர் பெயர் ரிச்சர்ட் ஹிப். அமெரிக்காவில் வட கரோலினா மாநிலத்தின் சார்லட் நகரைச் சேர்ந்தவர்.

இந்த வழி அவருக்குக் கிடைத்ததற்கு ஒரு போர்க்கப்பலும் காரணம். 2000-ஆம் ஆண்டில் ஹிப், ஜெனரல் டைனமிக்ஸ் நிறுவனத்தின் கீழ் அமெரிக்கக் கடற்படையின் வேலை ஒன்றில் இருந்தார். ஏவுகணை நாசகாரிக் கப்பல் அடிபட்டால் சேதத்தைச் சமாளிக்க உதவும் மென்பொருள் அது. அதன் தரவு இன்ஃபார்மிக்ஸ் என்ற தரவுத்தள சர்வரில் இருந்தது. சர்வர் படுத்தால் மென்பொருளும் படுத்துவிடும். கப்பல் அடிபடும் நேரத்துக்கென்றே செய்த மென்பொருள், சரியாக அந்த நேரத்தில் சர்வர் கிடைக்கவில்லை என்று கையை விரித்தால் அதை வைத்துக்கொண்டு என்ன செய்வது? சர்வரே வேண்டாம், எல்லாம் ஒரே கோப்பில் இருக்கட்டும், பராமரிக்கத் தனி ஆளும் வேண்டாம் என்று அவர் எழுதியதுதான் எஸ்க்யூலைட். முதல் பதிப்பு அந்த ஆகஸ்டிலேயே வந்தது. இன்று எல்லா ஆண்ட்ராய்ட் ஃபோனிலும் ஐபோனிலும் அது இருக்கிறது. வாட்ஸ்அப் நம் உரையாடல்களை ஃபோனில் சேமித்து வைப்பதும் அதில்தான்.

கப்பலை இத்தோடு விட்டுவிடலாம். எஸ்க்யூலைட் திறந்த மூலநிரலாக வளரத் தொடங்கியதும் அதன் பிழைகளையும் மாற்றங்களையும் குறித்து வைக்க ஒரு கருவி தேவைப்பட்டது. அக்காலத்தில் மூலநிரலைப் பாதுகாக்கப் பெரும்பாலோர் பயன்படுத்தியது சிவிஎஸ். அதன்மேல் உட்கார்ந்து டிக்கெட்டுகள், விக்கி, நிரல் மாற்றங்களின் வரலாறு மூன்றையும் ஒரே இடத்தில் காட்டும் சிவிஎஸ்டிராக்கை ஹிப் எழுதினார். முழுக்க சி மொழியில் ஒரே நிரல். தரவெல்லாம் அவருடைய எஸ்க்யூலைட் கோப்பில். தேடவும் வடிகட்டவும் வரிசைப்படுத்தவும் கூட்டிக் கழிக்கவும் தெரிந்த எஞ்சின் ஏற்கெனவே உள்ளே ஓடிக்கொண்டிருக்கும்போது, அதையே இன்னொரு முறை அரைகுறையாகச் செய்கிற அறிக்கை வடிவமைப்பான் எதற்கு என்று அவர் நினைத்திருக்க வேண்டும். எஞ்சினைச் செய்தவருக்கே இப்படித் தோன்றும். மற்றவர்கள் பயனருக்கும் தரவுத்தளத்துக்கும் நடுவே ஒரு சுவர் எழுப்புவதைத்தான் பொறுப்பு என்று நினைப்பார்கள்.

எஸ்க்யூஎல் புரோகிராமர்களுக்கான மொழி, அதைச் சாதாரண மேலாளரிடம் கொடுக்கலாமா என்று கேட்கலாம். அந்த மொழியின் பிறப்பைப் பார்த்தால் கேள்வியே தலைகீழ் என்று தெரியும். ஐபிஎம் நிறுவனத்தின் சான் ஹோசே ஆய்வுக்கூடத்தில் டொனால்ட் சேம்பர்லினும் ரேமண்ட் பாய்ஸும் 1974-இல் அதை முதன்முதலாக ஒரு கட்டுரையில் விவரித்தபோது, யாருக்காக இதைச் செய்கிறோம் என்றும் சொன்னார்கள். கணினி வல்லுநர் அல்லாதவர்கள், ஆனால் கொஞ்சம் கற்றுக்கொள்ளத் தயாராக இருப்பவர்கள். உதாரணமாகக் கணக்காளர்கள், பொறியாளர்கள், கட்டடக் கலைஞர்கள், நகரத் திட்டமிடுவோர். பிறகு நடந்தது வேறு. அந்த மொழி புரோகிராமர்களின் சொத்தாகிவிட்டது. கணக்காளருக்கு அவர்கள் எழுதித் தந்த திரை மட்டும் மிஞ்சியது. ஹிப் வைத்த பெட்டி, தெரிந்தோ தெரியாமலோ, 1974-இன் எண்ணத்தை ஒரு சிறு மூலையில் நிறைவேற்றியது.

பெட்டியை வைப்பதில் வெளிப்படையான ஆபத்து ஒன்று உண்டு. கேட்கத் தெரிந்தவனுக்கு அழிக்கவும் தெரிந்திருக்கும். அதனால் எஸ்க்யூலைட்டிலேயே ஒரு காவல் உண்டு. வாக்கியத்தை இயக்குவதற்கு முன், அதைப் பொருள் பிரிக்கும்போதே, இந்த அட்டவணையைப் படிக்கலாமா, இதை மாற்றலாமா என்று ஒவ்வொரு செயலுக்கும் அனுமதி கேட்கும் ஏற்பாடு. பயனர் தாமே எழுதிய வாக்கியங்களை ஏற்கிற மென்பொருள்களைத்தான் அதன் ஆவணமும் இதற்கு உதாரணமாகக் காட்டுகிறது.

சிவிஎஸ்டிராக் அதிகம் பேருக்குத் தெரியாமலே போயிருக்கும். அதைப் பிரபலமாக்கியது அதன் வாரிசு. 2004-இன் தொடக்கத்தில், சிவிஎஸ்ஸுக்கு மாற்றாக வந்த சப்வெர்ஷன் 1.0 வெளியான சமயத்தில், ஸ்வீடனில் ஜோனாஸ் போர்க்ஸ்ட்ரோமும் டேனியல் லண்டினும் தங்கள் எட்ஜ்வால் நிறுவனத்தின் பெயரில் டிராக்கை வெளியிட்டார்கள். சிவிஎஸ்டிராக்கின் யோசனையைப் பைத்தான் மொழியில், சப்வெர்ஷனுக்காகத் திரும்ப எழுதியது அது. எஸ்க்யூஎல் பெட்டியும் கூடவே வந்தது.

டிராக்கை நிறுவியதும் சில அறிக்கைகள் தயாராக இருக்கும்: திறந்திருக்கும் டிக்கெட்டுகள், மைல்ஸ்டோன் வாரியாக டிக்கெட்டுகள், என் டிக்கெட்டுகள் என்று. எந்த அறிக்கைக்கும் சலுகை கிடையாது; தயார் அறிக்கைகளும் வெறும் எஸ்க்யூஎல் வாக்கியங்களே. அனுமதி உள்ளவர் திறந்து படிக்கலாம், நகலெடுக்கலாம், ஒரு வரியை மாற்றித் தனதாக்கிக்கொள்ளலாம். பலரும் எஸ்க்யூஎல் கற்றது இப்படி நகலெடுத்துத்தான் என்று நினைக்கிறேன். பாடப்புத்தகத்தில் ஊழியர் அட்டவணையும் துறை அட்டவணையும் இருக்கும். இங்கே இருந்தது அவரவர் வேலை.

தோற்றத்தைக் கையாள அவர்கள் செய்த தந்திரம் எனக்கு மிகவும் பிடித்தது. வண்ணம் தேர்ந்தெடுக்கும் பலகை இல்லை, இழுத்துப் போடும் பெட்டிகள் இல்லை. நெடுவரிசைக்கு வைக்கும் பெயரிலேயே எல்லாம் அடங்கிவிடும். கலர் என்ற ஆங்கிலச் சொல்லுக்கு முன்னும் பின்னும் இரண்டிரண்டு அடிக்கோடு இட்டுப் பெயர் வைத்தால், அதில் வரும் 1 முதல் 5 வரையிலான எண், அந்த வரியின் நிறத்தைத் தீர்மானிக்கும். வழக்கமாக முன்னுரிமை எண்ணை அங்கே போடுவார்கள். அவசர வேலைகள் சிவந்து நிற்கும். குரூப் என்ற சொல்லுக்கு அப்படியே செய்தால் அறிக்கை தலைப்புவாரியாகப் பிரிந்துவிடும். பெயருக்கு முன்னால் ஒற்றை அடிக்கோடு வந்தால் அந்த நெடுவரிசை மறைந்துகொள்ளும். டாலர் குறியுடன் யூசர் என்று எழுதினால் பார்ப்பவரின் பெயர் அந்த இடத்தில் வந்து உட்காரும். ஒரே அறிக்கை நூறு பேருக்கு நூறு விதமாகத் தெரியும். அறிக்கையை சிஎஸ்வி கோப்பாக இறக்கி எக்செல்லில் திறக்கலாம். ஆர்எஸ்எஸ் ஓடையாகவும் எடுக்கலாம். புதிய டிக்கெட் வந்ததைத் தேடிப் போய்ப் பார்க்க வேண்டாம்.

பதினோராவது அறிக்கை எப்படி இருக்கும்? திட்டமிடுபவர்கள் பெரும்பாலும் கேட்கத் தயங்கும் ஒன்றைச் சொல்கிறேன். டிராக்கில் டிக்கெட்டின் இன்றைய நிலை ஓர் அட்டவணையில் இருக்கும். அந்த டிக்கெட்டில் யார், எப்போது, எந்தப் புலத்தை எதிலிருந்து எதற்கு மாற்றினார் என்ற வரலாறு வேறோர் அட்டவணையில் இருக்கும். இரண்டாவது அட்டவணையிடம், மைல்ஸ்டோன் புலம் மாறிய வரிகளை மட்டும் கொடு, டிக்கெட் வாரியாக எண்ணிக் கொடு என்று கேட்டால் போதும். எந்த வேலை ஒரு வெளியீட்டிலிருந்து அடுத்ததற்கும், அங்கிருந்து அதற்கடுத்ததற்கும் தள்ளித் தள்ளிப் போடப்பட்டது என்று பட்டியல் விழும். மைல்ஸ்டோன் பக்கத்தில் இருக்கும் பச்சைப் பட்டை இதைச் சொல்லாது. மூடிய டிக்கெட்டுகளின் விழுக்காட்டைக் காட்டும் பட்டை அது. முடியாத பத்து டிக்கெட்டை அடுத்த மைல்ஸ்டோனுக்கு நகர்த்தினால் அது தானாக நீளும். நான்கு வரி எஸ்க்யூஎல் அந்த நீட்சியை அம்பலப்படுத்திவிடும்.

மணிக்கணக்கு வேண்டுமென்றால் பாடு கொஞ்சம் அதிகம். மதிப்பிட்ட நேரம், செலவழித்த நேரம் ஆகியவை டிராக்கின் சொந்தப் புலங்கள் அல்ல. பிறர் எழுதிய செருகுநிரல் வழியாகவோ நாமே சேர்த்தோ வருபவை. இப்படிச் சேர்க்கும் புலங்கள் டிக்கெட் அட்டவணைக்குள் போகாமல், பெயர், மதிப்பு என்ற இரட்டையாகத் தனி அட்டவணையில் போய்ச் சேரும். ஆக ஒவ்வொரு புலத்துக்கும் அந்த அட்டவணையை ஒரு தடவை இணைக்க வேண்டும். மூன்று புலமென்றால் மூன்று இணைப்பு. எல்லா மதிப்பும் எழுத்தாகவே சேமிக்கப்படுவதால், எண்ணாக மாற்றாமல் வரிசைப்படுத்தினால் 10 மணி நேர வேலை 9 மணி நேர வேலைக்கு முன்னால் வந்து நிற்கும். இந்தக் கட்டத்தில்தான் மேலாளர் பெட்டியை மூடிவிட்டு புரோகிராமர் நண்பரைக் கூப்பிடுவார். சேம்பர்லினும் பாய்ஸும் கனவு கண்ட கணக்காளர் தாண்டாத எல்லை இது.

உண்மையான சிக்கல் வேறு பக்கத்திலிருந்து வந்தது. ஒவ்வொரு அலுவலகத்திலும் ஆட்கள் தங்கள் அறிக்கைகளில் அட்டவணைப் பெயர்களையும் நெடுவரிசைப் பெயர்களையும் நேரடியாக எழுதிவிட்டார்கள். டிராக்கின் தரவுத்தளம் அதை எழுதியவர்களின் உள்விவகாரமாக இருக்க வேண்டியது. அது ஊரறிந்த ஒப்பந்தமாகிவிட்டது. சமையலறையில் நுழைந்து தாங்களே எடுத்துச் சாப்பிடும் விருந்தாளிகளுக்கு இடம் கொடுத்த வீட்டில் அஞ்சறைப் பெட்டியைக்கூட இடம் மாற்ற முடியாது. முதலில் எஸ்க்யூலைட் மட்டும் என்றிருந்த டிராக், பிறகு போஸ்ட்கிரெஸ்க்யூஎல், மைஎஸ்க்யூஎல் ஆகியவற்றையும் ஏற்றது. தேதியை வடிவமைக்கும் கட்டளை ஒவ்வொன்றிலும் வேறு. ஒரு தரவுத்தளத்திலிருந்து இன்னொன்றுக்கு மாறியவர்களின் அறிக்கைகள் அப்படியே பிழைச் செய்தியாயின.

பெரிய அடி 2010-இல் வந்த 0.12 பதிப்பு. அதுவரை டிக்கெட் திறந்த நேரம், 1970 தொடங்கி எத்தனை விநாடி என்ற கணக்கில் சேமிக்கப்பட்டது. ஒரே விநாடியில் நடக்கும் இரு மாற்றங்களை அப்படிப் பிரித்தறிய முடியாது. அதனால் மைக்ரோவிநாடிக்கு மாற்றினார்கள். நியாயமான மாற்றம். டிராக்கின் திரைகள் எல்லாம் சரியாகவே நடந்துகொண்டன. ஆனால் பயனர்கள் தாங்களாக எழுதிய அறிக்கைகளில் நேரத்தை வைத்துக் கணக்குப் போட்ட ஒவ்வொரு வரியும் பத்து லட்சம் மடங்கு பெரிய எண்ணைப் பெற்றது. ஒவ்வோர் அறிக்கையாகத் திறந்து பத்து லட்சத்தால் வகுத்துத் திருத்த வேண்டியதாயிற்று. எழுதியவர் வேலையை விட்டுப் போயிருந்தால் அந்த வரி எதற்கென்று கண்டுபிடிப்பதே தனி வேலை.

டிராக் குழு இந்த ஆபத்தை எப்போதோ உணர்ந்திருந்தது. அறிக்கைப் பகுதியின் உதவிப் பக்கத்திலேயே ஒரு குறிப்பை வைத்தார்கள்: தரவுத்தள அமைப்பை மாற்ற விடாமல் எங்கள் கையைக் கட்டிப்போடுவதால் இந்த வசதியை இப்போதுள்ள வடிவில் மெல்ல விலக்கிக்கொள்ளப் போகிறோம், படிவத்தில் நிபந்தனைகளைத் தேர்ந்தெடுத்துத் தேடும் புதிய பகுதி இதற்கு நல்ல மாற்று என்று. புதிய பகுதி நன்றாகத்தான் இருந்தது. என்ன, அது பட்டியல் தரும். கூட்டாது, சராசரி காணாது, வரலாற்று அட்டவணையை எட்டிப் பார்க்காது. பதிப்பு மேல் பதிப்பாக அந்தக் குறிப்பும் தொடர்ந்தது, விலக்கப்போவதாகச் சொன்ன பெட்டியும் தொடர்ந்தது. கருவியைக் கட்டுகிறவர்கள் பக்கமே நியாயம் என்று எனக்குத் தோன்றுகிறது. ஆனால் அவர்கள் தந்த மாற்று அந்தப் பதினோராவது அறிக்கையைத் தரவில்லை, அதுவும் உண்மை.

பெரிய கருவிகள் நடுவழியைப் பிடித்தன. ஆஸ்திரேலியாவின் அட்லாசியன் நிறுவனம் 2009-இல் ஜிரா 4.0-உடன் ஜேக்யூஎல் என்ற சொந்த மொழியைக் கொண்டுவந்தது. பார்க்க எஸ்க்யூஎல்லின் தம்பி மாதிரி இருக்கும், தரவுத்தளத்தைத் தொடாது. உள்ளே அட்டவணைகளை எப்படிக் கலைத்துப் போட்டாலும் பயனரின் கேள்வி உடையாது. ஆனால் ஜேக்யூஎல்லில் கூட்டல் கிடையாது, இணைப்பு கிடையாது. அதனால் சிஎஸ்வி கோப்பாக இறக்கி எக்செல்லில் பிவட் டேபிள் போடும் வேலை பல அலுவலகங்களில் இன்றும் நடக்கிறது.

ஹிப் மட்டும் அசரவில்லை. சிவிஎஸ்டிராக்கை விட்டுவிட்டு அவர் எழுதிய ஃபாசில், 2007 முதல் தன் மூலநிரலைத் தானே பாதுகாத்து வருகிறது. 2009-இல் எஸ்க்யூலைட்டும் அதற்கு இடம் மாறியது. அதிலும் டிக்கெட் அறிக்கை என்றால் எஸ்க்யூஎல் வாக்கியம்தான். காவல் மட்டும் கூடியிருக்கிறது. எந்தெந்த அட்டவணைகளை அறிக்கை படிக்கலாம் என்று பெயர் சொல்லி ஒரு பட்டியல் நிரலுக்குள்ளேயே உண்டு. அதில் இல்லாததைக் கேட்டால் மறுத்துவிடும். புகார் கொடுத்தவரின் தொடர்பு விவரம் போன்ற அந்தரங்கப் புலங்களை உரிய அனுமதி இல்லாதவர் கேட்டால் பிழைச் செய்தி வராது; அறிக்கை ஓடும், அந்தக் கட்டம் மட்டும் காலியாக இருக்கும்.