குருவற்ற ஆலயங்கள்: ஒல்லாந்தர் காலத்துக் கத்தோலிக்கரின் மறைவாழ்வு

ஈழத்துக் கத்தோலிக்க சமயத்தின் வரலாறு பெரும்பாலும் குருமாரின் வரலாறாகவே எழுதப்பட்டு வந்துள்ளது. மறைபரப்புச் சபைகள் தம் உறுப்பினரின் கடிதங்களையும் அறிக்கைகளையும் பேணி வைத்தன. பொதுமக்களோ அத்தகைய சான்றுகளை விட்டுச் செல்லவில்லை. சான்றுகளின் இவ்வியல்பே வரலாற்றின் போக்கையும் நிர்ணயித்துவிட்டது எனலாம். எனினும், ஒரு சமயம் தன் குருமாரை முற்றாக இழந்து நின்ற காலமொன்றை நோக்குமிடத்து, அதனை உயிருடன் வைத்திருந்தவர் யாவர் என்னும் வினா தவிர்க்கமுடியாததாகின்றது. ஒல்லாந்தர் ஆட்சிக்காலம் (1658 - 1796) அத்தகையதொரு காலமாகும்.

1658ஆம் ஆண்டு யூன் மாதத்தில் யாழ்ப்பாணக் கோட்டை ஒல்லாந்தர் வசமாயிற்று. கத்தோலிக்கக் குருமார் நாட்டினின்றும் வெளியேற்றப்பட்டனர். அவர்களுக்கு அடைக்கலம் அளிப்போர் மரணதண்டனைக்கு உள்ளாவர் எனக் கட்டளை பிறந்தது. போர்த்துக்கேயர் எழுப்பிய ஆலயங்கள் சீர்திருத்தச் சபையின் ஆலயங்களாகவும் பாடசாலைகளாகவும் மாற்றப்பட்டன. ஞானஸ்நானமும் விவாகமும் பள்ளித் தோம்புகளிற் பதியப்பட்டன. வாரிசுரிமைக்கும் அரச உத்தியோகத்துக்கும் அப்பதிவு வேண்டியிருந்தது. ஆகவே, தோம்பிற் பெயர் உள்ளோர் அனைவரையும் சீர்திருத்தச் சபையினர் எனக் கணக்கிடுதல் பொருந்தாது. பெயர் தோம்பிலும் நெஞ்சம் வேறிடத்திலுமாக வாழ்ந்தோர் கத்தோலிக்கரிடையே மாத்திரமன்றிச் சைவரிடையேயும் பலராயிருந்தனர்.

இவ்விரட்டை வாழ்வைக் கோழைமை என ஒதுக்கிவிடுதல் எளிது. ஆனால், 1687 இல் கோவாவிலிருந்து யோசேவ் வாஸ் அடிகளார் கூலியாள் கோலத்தில் யாழ்ப்பாணத்துக்கு வந்தபோது இங்கு நிலவிய நிலைமையைக் கருதுதல் வேண்டும். அவர் கழுத்திற் செபமாலை அணிந்து, வீடு வீடாகப் பிச்சை ஏற்று, அதனைக் கண்டோரின் முகக்குறிப்பைக் கொண்டே விசுவாசிகளை இனங்கண்டார் என்பர். 1658 இற் பிறந்த குழந்தை அவ்வேளை இருபத்தொன்பது வயதை எய்தித் தானே தாயாகவோ தந்தையாகவோ ஆகியிருக்கும். நிலையாக ஊழியம் செய்யும் குருவானவரைக் காணாது வளர்ந்த அத்தலைமுறைக்குச் செபமாலையின் பொருளை உணர்த்தியவர் யாவர்? பெற்றோரும் முதியோரும் அயலவருமேயன்றிப் பிறரில்லை. மாந்தையிலிருந்த மாதாவின் திருவுருவத்தை 1670 அளவில் விசுவாசிகள் வன்னிக் காட்டுக்குக் கொண்டுசென்று காத்தனர் எனக் கூறும் மடுத்திருப்பதி மரபும் இவ்வுண்மையையே சுட்டுகின்றது.

அடிகளாருக்குப் புகலிடம் அளித்த ஊர்களுட் சில்லாலை முதன்மையானது. இரவிலே இல்லங்களிற் பூசை நிகழ்ந்தது. விடியுமுன் அவர் வேற்றிடம் ஏகினார். பின்னர் அவர் கண்டி இராச்சியத்துக்குச் சென்று, 1692 இல் ஒற்றரென ஐயுறப்பட்டுச் சிறைப்பட்டார். 1697 இல் கண்டியில் வைசூரி பரவியவேளை, கைவிடப்பட்ட நோயாளரைச் சமயபேதமின்றித் தம் கையாற் பராமரித்தார். அவர் போதித்த சீடத்துவம் யாதென்பதை இப்பணி விளக்கும்.

எனினும், அவரும் அவர்தம் சபையினரும் ஆற்றிய பணியின் நிலைபேற்றுக்குக் காரணமாயமைந்தது பொதுநிலையினரைக் கொண்ட ஒழுங்கமைப்பாகும். குருவானவர் ஓர் ஊருக்கு மீண்டும் வர மாதங்கள் பல செல்லலாம். அவ்விடைக்காலத்தில் ஆலயத்தையும் மக்களையும் மேற்பார்வை செய்ய மூப்பரும், செபம் நடத்தவும் சிறுவர்க்கு மந்திரம் கற்பிக்கவும் அண்ணாவியாரும் நியமிக்கப்பட்டனர். மரணத்தறுவாயிலுள்ள குழந்தைக்கு ஞானஸ்நானம் வழங்குவதும் நோயாளியின் அருகிருந்து செபிப்பதும் இவர்தம் கடமைகளாயின. கூத்துப் பயிற்றும் ஆசானையும் அண்ணாவியார் என்றே நம்மவர் வழங்குவர். அச்சொல்லே ஆலயத்திலும் வழங்கியமை, புதுச் சமயம் இம்மண்ணின் கல்விமரபோடு இயைந்தமைக்குச் சான்றாகும்.

அக்காலக் கத்தோலிக்கர் வேதாகமத்தை அறியாதவர், வெறும் சடங்குகளையே பற்றி நின்றவர் என்னும் கருத்தொன்று உண்டு. ஒல்லாந்தரிடம் அச்சியந்திரம் இருந்தது. பிலிப்பு தெ மெல்லோ மொழிபெயர்த்த தமிழ்ப் புதிய ஏற்பாடு 1759 இற் கொழும்பில் அச்சேறியது. இது தமிழுக்குக் கிடைத்த பெரும்பேறு என்பதில் ஐயமில்லை. கத்தோலிக்கருக்கோ ஏட்டுச்சுவடியே துணை. ஆயினும், 1705 இல் இலங்கைக்கு வந்து 1742 இல் போலவத்தையில் மறைந்த யாக்கோமே கொன்சால்வெஸ் அடிகளார் தமிழிலும் சிங்களத்திலும் இயற்றிய நூல்கள் அக்குறையைப் பெரிதும் நிரப்பின. அவருடைய தேவ அருள்வேத புராணம் வேதாகம வரலாற்றைத் தமிழ் உரைநடையில் எடுத்துரைத்தது. வியாகுலப் பிரசங்கமோ கிறிஸ்துவின் பாடுகளைத் தவக்காலத்தில் ஒருவர் இராகத்தோடு வாசிக்கப் பலர் கேட்டு உருகும் வண்ணம் அமைந்தது. எழுத்தறியாதவரும் அதன்வழிச் சுவிசேஷத்தை அறிந்தனர். ஆகவே, கண்ணால் வாசித்தோரையே வேதம் அறிந்தோர் எனக் கொள்ளுதல் அச்சுக்கால மனப்பாங்கேயாகும்.

இக்காலத்தைப் பொற்காலமாகப் போற்றுதலும் தவறாகும். ஆலயத்தினுள்ளும் சாதி வேற்றுமை நீடித்தது. ஒரே அப்பத்திற் பங்குகொண்டோர் ஒரே வாங்கிலில் அமரத் தயங்கினர். அஞ்சாது தண்டனையை எதிர்கொண்ட விசுவாசம் அயலவனைச் சமமாய் ஏற்கும் துணிவைத் தரவில்லை. அன்றியும், கண்டி மன்னரின் ஆதரவும், வாணிபத்தையே முதன்மையாகக் கொண்ட ஒல்லாந்தரின் கண்காணிப்பு இடத்துக்கிடம் தளர்ந்தமையும் இம்மக்களுக்குத் துணைபுரிந்தன. இவற்றை மறைத்தெழுதுவது வரலாறாகாது.

ஆங்கிலேயர் 1806 இல் கத்தோலிக்கர் மீதான சட்டத்தடைகளை நீக்கினர். அதன் பின்னர் மறைபரப்புக் குருமார் பெருகினர்; பொதுநிலையினரின் பொறுப்புக்கள் சுருங்கின. இரண்டாம் வத்திக்கான் சங்கம் (1962 - 1965) வேதாகமம் விசுவாசிகள் அனைவர்க்கும் எட்டவேண்டும் எனவும், திருச்சபையின் பணியில் பொதுநிலையினர்க்கும் உரிய பங்குண்டு எனவும் வலியுறுத்தியபோது, அது புதுமையாகத் தோன்றிற்று. நம் முன்னோர்க்கு அது புதிதன்று.

யோசேவ் வாஸ் அடிகளார் 2015 இற் புனிதராக உயர்த்தப்பட்டார். இரவில் அவருக்குக் கதவு திறந்தோரின் பெயர்களை நாம் அறியோம். அவை எங்கேனும் எஞ்சியிருப்பின், அவர்கள் மனமொப்பாது பதிந்த அத்தோம்புகளிலேயே இருத்தல் கூடும். அவ்வேடுகளை இக்கண்கொண்டு மீள வாசிப்பது நம் தலைமுறை வரலாற்று மாணவரின் கடனாகும்.