ஹெரால்டு காரும் ஓர் இரும்புக் கட்டையும்



மேலூர் சாலையில் பட்டறை வைத்திருக்கும் என் பழைய மாணவன் போன வாரம் வந்தான். "சார், பழைய ஸ்டாண்டர்டு ஹெரால்டு கிடைச்சிருக்கு. ஆட்டோகிராஸ்ல ஓட்டணும். கையில காசுதான் இல்ல" என்றான். பாடம் நடத்திய பழக்கம் போகுமா? வரலாற்றைச் சொன்னேன்.

1959இல் இங்கிலாந்தில் வந்த கார் இது. 1961 முதல் மதராஸிலும் தயாரானது. இதன் அடிச்சட்டத்தைக் குறுக்கித்தான் 1962இல் ஸ்பிட்ஃபயர் என்ற ஸ்போர்ட்ஸ் காரைச் செய்தார்கள். உலகப்போர்க் கால விமான ஓடுதளமான சோழவரத்தின் பந்தயங்களிலும் ஹெரால்டு ஓடியது.

சிக்கல் பின்பக்கம். இரு சக்கரங்களுக்கும் குறுக்கே ஒரே பட்டை ஸ்பிரிங். வேகமான வளைவில் ஆக்சிலேட்டரைச் சட்டென்று விட்டால் பின்பக்கம் தூக்கும், வெளிச்சக்கரம் உள்ளே மடங்கும், பிடிப்பு போகும். 1970இல் ஸ்பிட்ஃபயருக்கு ஸ்பிரிங் அமைப்பையே மாற்றினார்கள். 1972இல் மதராஸில் வந்த கெசல் காருக்கு ஒற்றை இரும்பு அச்சே போட்டார்கள்.

பந்தயக்காரர்கள் கண்ட வழி மலிவு. டிஃபரன்ஷியலுக்கும் ஸ்பிரிங்குக்கும் நடுவே ஒரு கட்டை, அதற்கேற்ற நீள ஸ்டட்டுகள். பின்பக்கம் தாழும், சக்கரங்களின் தலை உள்நோக்கிச் சாயும், மடங்குவது குறையும்.

"கட்டையை நானே கடைஞ்சுக்கிறேன் சார்" என்றான்.

"மிச்சக் காசுக்கு நல்ல டயர் வாங்கு. கட்டை ஆபத்தைக் குறைக்கும், ஒழிக்காது. வளைவில் பதறிக் காலை எடுக்காதே" என்றேன்.

உங்களில் ஹெரால்டு ஓட்டியவர்கள் உண்டா? சொல்லுங்கள், அவனுக்கும் உதவும்.