மாவு மூடிக்குள்ளே ஒரு வரலாறு

இங்கிலாந்தின் யார்க்ஷயர் பகுதியில், வார்ஃப் ஆற்றங்கரையில், போல்ட்டன் துறவற மடத்தின் இடிபாடுகள் இன்றும் நிற்கின்றன. புனித அகுஸ்தினாரின் ஒழுங்கைப் பின்பற்றிய துறவியர் பன்னிரண்டாம் நூற்றாண்டில் அங்கே குடியேறினர். எட்டாம் ஹென்றி மன்னன் மடங்களைக் கலைத்தபோது வெளியேற்றப்பட்டனர். அவர்களுடைய பாடற்குழு இன்றில்லை, சமையற்கூடமும் இன்றில்லை. ஆனால் அவர்கள் எழுதிவைத்த வரவு செலவுக் கணக்கேடு ஒன்று தப்பிப் பிழைத்தது. அதில் 1303ஆம் ஆண்டுக்குரிய பதிவில் 'பை' என்ற சொல் ஓர் உணவின் பெயராக வருகிறது. ஆங்கில மொழியின் சொல் வரலாற்றை ஆராய்வோர், இவ்வுணவின் பெயர் எழுத்தில் காணப்படும் மிகப் பழைய இடங்களுள் ஒன்றாக இதைக் குறிப்பிடுவர்.

மாவைப் பிசைந்து விரித்து, அதனுள் இறைச்சியும் வெங்காயமும் சாறுமாக நிரப்பி, மேலே மாவினாலேயே மூடி, அடுப்பில் சுட்டெடுப்பதே இந்தப் 'பை'. நம் மொழியில் பை என்பது பொருளை உள்ளே வைத்துச் சுமக்கும் ஒன்று. இரு சொற்களுக்கும் உறவு கிடையாது; ஆயினும் பொருத்தம் கிடக்கிறது. நம் ஊர் ரொட்டிக் கடைகளில் மாலை வேளையில் கண்ணாடிப் பெட்டிக்குள் அடுக்கிவைக்கப்படும் பப்ஸ், ஆங்கிலேயர் இங்கே விட்டுச்சென்ற மாவுப் பண்டங்களின் வழிவந்ததே. ஆகவே இவ்வுணவு நமக்கு முற்றிலும் அந்நியமன்று.

இடைக்கால ஆங்கிலேயர் இதன் மாவுக்கூட்டை என்ன பெயரால் அழைத்தனர் என்று கேட்டால் வாசகர்கள் திடுக்கிடக்கூடும். 'காஃபின்' என்றே அழைத்தனர். இன்று அச்சொல் சவப்பெட்டியைக் குறிக்கிறது. அன்றோ அது வெறும் பெட்டி, கூடை என்ற பொருளிலேயே வழங்கிற்று. இறந்தோரின் பெட்டிக்கு அப்பெயர் வந்தது பிற்பாடுதான். பிரெஞ்சு, இலத்தீன் வழியாகப் பின்னோக்கிச் சென்றால் 'கோஃபினோஸ்' என்ற கிரேக்கச் சொல்லில் போய் நிற்கிறோம். குருமடத்தில் கிரேக்கம் பயின்றவர்களுக்கு அது பழகிய சொல். ஐயாயிரம் பேருக்கு ஆண்டவர் அப்பம் பகிர்ந்தளித்தபின், மீதியான துண்டுகளைப் பன்னிரண்டு கூடைகளில் நிறைத்தார்களே, அந்தக் கூடைக்கு நற்செய்தியாளர் இட்ட பெயர் இதுவே. நாலாயிரம் பேர் உண்ட நிகழ்ச்சியில் வரும் ஏழு கூடைகளுக்கு மூலத்தில் வேறு சொல். தமிழில் நாம் இரண்டையும் கூடை என்றே சொல்கிறோம். பசித்தவர்கள் உண்டு மீந்ததைச் சுமந்த கூடையின் பெயர், நூற்றாண்டுகள் பல கடந்து, ஓர் ஆங்கிலேய அடுக்களையில் மாவுக்கூட்டின் பெயராயிற்று.

அந்தக் கூடு முதலில் பாத்திரமாகவே பயன்பட்டது. 1615ஆம் ஆண்டில் வெளிவந்த தம் இல்லறக் கையேட்டில் ஜெர்வாஸ் மார்க்கம் என்பவர், நெடுநாள் வைத்திருக்க வேண்டிய இறைச்சிக்குக் கம்பரிசி மாவில் தடித்த கூடு செய்யவேண்டும் என்றும், உடனே உண்பதற்குரியவற்றுக்குக் கோதுமை மாவே ஏற்றது என்றும் வகுத்துரைக்கிறார். கம்பரிசி என்றது நம் கம்பு அன்று. ரை எனப்படும் குளிர்நாட்டுத் தானியம். சுட்டபின் மூடியிலுள்ள துளை வழியாக உருக்கிய வெண்ணெயை ஊற்றி நிரப்புவார்கள். அது உறைந்து இடைவெளிகளை அடைத்துக் காற்றைப் புகவிடாமல் தடுக்கும். குளிர்ப்பெட்டி இல்லாத காலத்தில் இறைச்சியைக் காத்த முறைகளுள் இதுவும் ஒன்று.

மூடிய உணவுக்கு ஒரு தனித்தன்மை உண்டு. சுட்ட இறைச்சியை உண்பவன் கண்ணால் கண்டு உண்கிறான். மூடியிட்ட உணவை உண்பவனோ, செய்தவரை நம்பி உண்கிறான். எனவே இதன் வரலாறு பெரும்பாலும் நம்பிக்கையின் வரலாறாகவும், நம்பிக்கைத் துரோகத்தின் வரலாறாகவும் இருக்கிறது.

அன்றைய இலண்டன் நகரில் எளியவர் பலரின் வீட்டில் சூளையடுப்பு கிடையாது. சமைத்த பண்டத்தைக் கடையில் வாங்கினர். அல்லது தம் பொருளைக் கொண்டுபோய்ச் சுட்டுத்தரச் செய்தனர். 1378ஆம் ஆண்டில் நகராட்சி விதித்த விலைப்பட்டியலில், வாடிக்கையாளர் கொண்டுவரும் ஒரு சேவலுக்கு 'மாவு, தீ, உழைப்பு' ஆகியவற்றுக்கான கூலி ஒன்றரைப் பென்னி என்று காணப்படுகிறது. அடுத்த ஆண்டே, 1379இல், பை செய்து விற்போருக்கென்று ஒரு கட்டளை பிறந்தது. அக்கட்டளையைப் படிக்கையில் அந்நாளைய தெருவே கண்முன் எழுகிறது. நாற்றமெடுத்த கழிவுகளை மாவுக்குள் மறைத்து விற்கக் கூடாது. பெருமக்களின் மாளிகைச் சமையற்காரர்களிடமிருந்து கோழி, வாத்து ஆகியவற்றின் ஒதுக்கிய உறுப்புகளை வாங்கிப் பையில் இட்டு விற்கக் கூடாது. மாட்டிறைச்சிப் பையை மான் இறைச்சிப் பை என்று சொல்லி விற்கக் கூடாது.

இம்மூன்றாவது விதியில் நாம் சற்றே நிற்க விரும்புகிறோம். மான் பிரபுக்களின் வேட்டைக்காடுகளில் திரிந்த விலங்கு. அதன் இறைச்சி உயர்ந்தோர் பந்திக்குரியது. மாட்டிறைச்சியோ உழைப்பவனும் காசு கொடுத்து வாங்கக்கூடியது. மூடிக்குள் இருந்த மாட்டிறைச்சியில் குற்றமில்லை. அதற்கு இட்ட பெயரில்தான் குற்றம் இருந்தது. நம் பங்குகளிலும் இந்த இறைச்சியை வீட்டில் விரும்பி உண்டு, வெளியில் பெயரைச் சொல்லக் கூசுகிறவர்கள் இருக்கிறார்கள். அதை உண்பதனாலேயே பிறரைத் தாழ்வாக எண்ணுகிறவர்களும், வருத்தத்தோடு சொல்கிறோம், திருப்பந்தியில் நம்மோடு அமர்கிறார்கள். 

அதே காலத்தில் வாழ்ந்த சாசர் என்னும் கவிஞர், கன்டர்பரியில் புனித தாமஸ் பெக்கட்டின் கல்லறைக்குச் சென்ற திருப்பயணிகளின் கதையில் ஒரு சமையற்காரரைப் படைத்திருக்கிறார். இருமுறை சூடாக்கி இருமுறை ஆறிய பைகளை அவர் விற்றதையும், சாற்றை வடித்துவிட்டு விற்றதையும் விடுதித் தலைவர் நகைப்பாகச் சாடுகிறார். நகைப்பு என்றாலும், திருப்பயணிகளின் வயிறு பட்ட பாடு அதில் ஒளிந்திருக்கிறது.

கத்தோலிக்க இங்கிலாந்தில் பை, திருவழிபாட்டு நாள்காட்டியோடு சேர்ந்தே நடந்தது. சுத்தபோசன நாள்களிலும் தவக்காலத்திலும் இறைச்சிக்குப் பதிலாக மீனும் விலாங்கும் மூடிக்குள் சென்றன. திருச்சபையை விட்டு நாடு பிரிந்தபின்னும் மீன் நாள்கள் மறையவில்லை. முதலாம் எலிசபெத் அரசியின் ஆட்சியில் 1563ஆம் ஆண்டுச் சட்டம் புதன்கிழமையையும் மீன் நாளாக்கியது. மீனவரும் கப்பல்களும் செழிக்க வேண்டும் என்பதே நோக்கம். மீன் உண்பது ஆன்ம மீட்புக்குத் தேவை என்று எவரேனும் போதித்தால் அவர் தண்டிக்கப்படுவார் என்றும் அதே சட்டம் எச்சரித்தது! ஒருசந்தியிலிருந்து மன்றாட்டை எடுத்துவிட்டு மீனை மட்டும் வைத்துக்கொண்ட சட்டம் அது. இங்கிலாந்து, வேல்ஸ் ஆயர்கள் வெள்ளிக்கிழமை இறைச்சி விலக்கலை 2011ஆம் ஆண்டு செப்டம்பர் 16ஆம் நாள்முதல் மீண்டும் கடமையாக்கினர்.

கிறிஸ்து பிறப்பு விழாவுக்கென்றும் ஒரு பை இருந்தது. கொத்திய மாட்டிறைச்சி அல்லது ஆட்டிறைச்சி, கொழுப்பு, உலர்ந்த பழங்கள், மணப்பொருள்கள் ஆகியவற்றால் ஆனது அது. அதன் நீண்ட வடிவம் குழந்தை இயேசு கிடத்தப்பட்ட தீவனத் தொட்டியைக் குறிக்கிறது என்று பதினேழாம் நூற்றாண்டின் சட்ட அறிஞர் ஜான் செல்டன் சொன்னதாக அவரது உரையாடல் தொகுப்பில் காண்கிறோம். தூய்மைவாதிகளுக்கு இது பிடிக்கவில்லை. 1647ஆம் ஆண்டு ஜூன் மாதம் நாடாளுமன்றம் கிறிஸ்து பிறப்பு, உயிர்ப்பு, தூய ஆவி விழாக்களை ஒழித்தது. அந்தப் பையை உண்பதைத் தடுக்கத் தனிச்சட்டம் இருந்ததாகச் சொல்வது கட்டுக்கதை. விழாவைத்தான் ஒழித்தார்கள், பையை ஒழிக்க எவராலும் இயலவில்லை.

பத்தொன்பதாம் நூற்றாண்டின் இலண்டன் ஏழைகளைப் பற்றி ஹென்றி மேஹ்யூ 1851ஆம் ஆண்டில் எழுதிய நூலில், தெருவில் ஒரு பென்னிக்குப் பை விற்றவர்களைச் சந்திக்கிறோம். வாங்குபவன் காசைச் சுண்டுவான். விற்பவன் வென்றால் பை கொடுக்காமலே காசு அவனுக்கு. தோற்றால் காசு வாங்காமலே பை. சாறு என்ற பெயரில் அவர்கள் ஊற்றியது உப்பிட்டு நிறமேற்றிய வெந்நீர். மூடியில் சுண்டுவிரலால் துளையிட்டு, மூடி உப்பும்வரை எண்ணெய்க் குவளையிலிருந்து அதை ஊற்றினார்கள். விற்பவன் உள்ளே நுழைந்தாலே மக்கள் பூனைபோலவும் நாய்போலவும் கத்திக் கேலி செய்தார்களாம். உள்ளே என்ன இறைச்சியோ என்ற பழைய ஐயம்தான். 2013ஆம் ஆண்டு ஜனவரியில், மாட்டிறைச்சி என்று விற்கப்பட்ட பொருளில் குதிரையிறைச்சி கலந்திருப்பதை அயர்லாந்தின் உணவு அதிகாரிகள் கண்டறிந்தபோது ஐரோப்பா முழுவதும் எழுந்த சினம், 1379ஆம் ஆண்டின் சினமே.

பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் காசு போட்டால் எரிவாயு தரும் மானிகள் தொழிலாளர் வீடுகளுக்கு வந்தன. அவற்றோடு எரிவாயு அடுப்பும் வந்தது. அதன்பின் கடைக்காரரை நம்பவேண்டிய தேவையின்றி, தாயே தன் கையால் பை செய்யும் நிலை எளிய வீடுகளிலும் பரவலாயிற்று.

வெங்காயத்துக்கும் ஒரு கதை உண்டு. பிரான்சின் பிரித்தானி கரையிலுள்ள ரோஸ்காஃப் ஊர் உழவர்கள், 1828ஆம் ஆண்டுமுதல் வெங்காயத்தைச் சரமாகக் கட்டிக் கடல் கடந்து வந்து பிரிட்டனில் வீடுவீடாக விற்றனர். ஆழ்ந்த கத்தோலிக்க மண் அது. 1905ஆம் ஆண்டு நவம்பரில், விற்ற பணத்தோடு ஊர் திரும்பிக்கொண்டிருந்த இவர்களுள் எழுபதுக்கும் மேற்பட்டோர், செயின்ட் மாலோ துறைமுகத்தை நெருங்கிய 'ஹில்டா' கப்பல் பாறையில் மோதி உடைந்ததில் மாண்டனர். கரை கண்ணுக்கெட்டும் தொலைவில்தான் இருந்தது. ஆங்கிலேய அடுக்களைகளில் வெங்காயம் வதங்கிய மணத்துக்குப் பின்னே இத்தகைய விதவைகளின் கண்ணீரும் இருக்கிறது.

1940ஆம் ஆண்டில் பிரான்சு வீழ்ந்ததும் அந்த வெங்காயம் வருவது நின்றது. 1941இல் இலண்டன் அலுவலகங்களில் ஒற்றை வெங்காயத்தைச் சீட்டுக்குலுக்கலில் பரிசாக வைக்கும் அளவுக்குத் தட்டுப்பாடு. இறைச்சிக்கு 1940ஆம் ஆண்டு மார்ச்சில் தொடங்கிய பங்கீடு 1954ஆம் ஆண்டு ஜூலையில்தான் முடிந்தது. இடையில் உணவு அமைச்சர் ஊல்டன் பிரபுவின் பெயரால் காய்கறிப் பை ஒன்று பரப்பப்பட்டது. உருளைக்கிழங்கும் கேரட்டும் ஓட்ஸும் கொண்ட அதை மக்கள் உண்டார்கள். விரும்பினார்கள் என்று சொல்வதற்கில்லை. ஆனால் அதில் என்ன இருக்கிறது, என்ன இல்லை என்பதை அரசு மறைக்கவில்லை. அந்த நேர்மைக்காகவே அதை நாம் மதிக்கிறோம்.

வீட்டில் செய்யும் மாட்டிறைச்சி வெங்காயப் பையின் முறையையும் சொல்லிவிடுவோம். ஆறு பேருக்கு ஒரு கிலோ இறைச்சி போதும். மென்மையான பகுதி வேண்டியதில்லை. உழைத்த தசையாகிய கால்கறியும் தோள்கறியுமே சிறந்தவை. அவற்றிலுள்ள கடினமான இணைப்புத் திசு, மெல்லிய சூட்டில் நெடுநேரம் கிடக்கும்போது ஜெலட்டினாக இளகிச் சாற்றுக்குப் பிசுபிசுப்பைத் தருகிறது. கொதிக்கவிட்டால் தசைநார் இறுகி இறைச்சி வறண்டுபோகும். துண்டுகளை மாவில் புரட்டிக் கொழுப்பில் செந்நிறமாக வறுத்து எடுத்துவைத்துக்கொண்டு, அதே சட்டியில் அரைக் கிலோவுக்குக் குறையாத வெங்காயத்தை நீளவாக்கில் அரிந்து போட வேண்டும். இங்கே அவசரம் ஆகாது. அரைமணி நேரமாவது வதங்கினால்தான் காரம் போய் இனிப்பு வெளிப்படும். பின் இறைச்சியைச் சேர்த்து, எலும்புச்சாறோ பார்லி மதுவோ ஊற்றி, மூடியிட்டு இரண்டரை மணி நேரத்துக்குக் குறையாமல் புழுங்கவிட வேண்டும். ஆங்கிலேயப் பெண்கள் பலர் இதில் ஒரு கரண்டி வூஸ்டர் சாஸ் விடுவர். அதில் நம் புளி இருக்கிறது என்பது அவர்களுள் எத்தனை பேருக்குத் தெரியுமோ!

குழம்பு நன்றாக ஆறியபின்தான் மாவு மூடியிட வேண்டும். இரண்டு பங்கு மாவுக்கு ஒரு பங்கு வெண்ணெய் என்ற அளவில் குளிர்ந்த நீர் தெளித்துப் பிசைந்த மாவு அது. சூடான குழம்பின்மேல் போட்டால் வெண்ணெய் உருகி மாவு களியாகிவிடும். நடுவில் ஆவி வெளியேற ஒரு துளை. மேலே அடித்த முட்டைப் பூச்சு. இருநூறு பாகை வெப்பத்தில் அரைமணிக்கு மேல், மூடி பொன்னிறமாகும்வரை.

கார்ன்வால் பகுதியில் மாட்டிறைச்சி, வெங்காயம், கிழங்கு இட்டு மடித்துச் சுடும் பண்டத்துக்கு 2011ஆம் ஆண்டில் ஐரோப்பிய ஒன்றியத்தின் புவிசார் பெயர்ப் பாதுகாப்பு கிடைத்தது. அதில் எட்டில் ஒரு பங்கேனும் மாட்டிறைச்சி இருக்கவேண்டும் என்பது விதி. அதைச் செய்த பெண்கள் அந்த விதிக்கு வெகுகாலம் முன்பே வேறொரு வழக்கம் வைத்திருந்தார்கள். மிஞ்சிய மாவை உருட்டி, உண்ணப்போகிறவரின் பெயரின் முதலெழுத்தாக வளைத்து, ஓரத்தில் ஒட்டிவைப்பார்கள். வெங்காயம் ஒவ்வாத மகனுக்குரியது இது, சுரங்கத்துக்குச் செல்லும் கணவனுக்குரியது அது என்று, அடுப்பிலிருந்து எடுத்ததும் பிறழாமல் எடுத்துக் கொடுப்பதற்காக.