சித்திரைத் திருவிழாக் கழிவு, ஆடிப்பட்டத்துக்கு உரம்

கோயில் திருவிழா முடிந்த மறுநாள் காலையில் பந்தலடியைப் பார்த்தால் எச்சில் இலை, மீந்த சோறு, வாடிய மாலை, தேங்காய் மட்டை, தண்ணீர் பாட்டில் எல்லாம் ஒரே குவியலாகக் கிடக்கும். பல ஊர்களில் இதை டிராக்டரில் அள்ளிக் கண்மாய்க் கரையில் கொட்டித் தீ வைத்துவிடுகிறார்கள். ஆனால் அந்தக் குவியலில் பெரும் பங்கு மட்கக்கூடிய பொருள்தான். பிளாஸ்டிக் சேராமல் தனியாக எடுத்தால், சித்திரையில் சேரும் கழிவு ஆடிப்பட்டத்துக்குள் நல்ல மட்கு உரமாகிவிடும். இதற்கு ஒரே நிபந்தனை, கழிவைத் திருவிழா அன்றே பிரிப்பது. ஒருமுறை கலந்துவிட்டால் பிறகு பிரிக்க ஆளும் கிடைக்காது, கூலியும் கட்டாது.

கலந்து கொட்டினால் யாருக்கு நஷ்டம்?

முதல் நஷ்டம் மாடு வளர்ப்பவருக்கு. சோறு ஒட்டிய பிளாஸ்டிக் பையை மாடு அப்படியே விழுங்கிவிடும். அது செரிக்காமல் முதல் வயிற்றிலேயே தங்கி, மாடு தீனி எடுக்காமல் மெலியும். முற்றிவிட்டால் அறுவை சிகிச்சை செய்துதான் எடுக்க வேண்டும். அடுத்த நஷ்டம் வயலுக்கு. மழையில் அடித்து வரும் பிளாஸ்டிக் தாள் மடையை அடைக்கும். மண்ணில் புதைந்தால் தண்ணீர் இறங்குவதையும் வேர் ஓடுவதையும் தடுக்கும். எரித்தாலும் தீராது. நச்சுப் புகை ஊருக்குள்தான் வரும்.

திருவிழாவுக்கு முன்பே பேச வேண்டியவை

விழாக் கமிட்டி கூடும்போதே இவற்றை முடிவு செய்யுங்கள்.

• அன்னதானத்துக்கு வாழை இலை, தொன்னை, பாக்கு மட்டைத் தட்டு மட்டும் வாங்குங்கள். தெர்மாகோல் தட்டு, பிளாஸ்டிக் பூச்சுள்ள காகிதத் தட்டு, காகிதக் கப், தண்ணீர் பாக்கெட், கைப்பை உள்ளிட்ட ஒருமுறை பயன்படுத்தும் பிளாஸ்டிக் பொருட்களுக்குத் தமிழ்நாட்டில் 2019 ஜனவரி 1 முதல் தடை உள்ளது. காகிதக் கப் மட்கிவிடும் என்று பலர் நினைக்கிறார்கள். உள்ளே இருக்கும் பூச்சு மட்காது.
• குடிநீருக்குத் தொட்டியும் எவர்சில்வர் டம்ளரும் வையுங்கள். கோயில் பாத்திரக் கணக்கில் 200 டம்ளர் சேர்த்துவிட்டால் பல ஆண்டுகளுக்கு வரும்.
• முதல் முறை குறைவாகப் பரிமாறி, கேட்பவருக்கு மறுசோறு போடச் சொல்லுங்கள். இலையில் மீறும் சோறு பெருமளவு குறையும்.
• தோரணத்துக்கு மாவிலை, தென்னங்கீற்று, குருத்தோலை போதும். பிளாஸ்டிக் கொடியும் தடைப் பட்டியலில் உள்ளது.
• உரம் யாருக்கு என்பதையும் அன்றே பேசிவிடுங்கள். ஏலம் விட்டுக் கோயில் கணக்கில் சேர்க்கலாம், அல்லது ஆண்டுக்கு ஒருவர் என முறை வைக்கலாம். பொறுப்பு ஒருவரிடம் இல்லாவிட்டால் குவியல் கிடந்த இடத்திலேயே நாறும்.

திருவிழா நாளில் மூன்று பங்கு

கை கழுவும் இடத்தருகே மூன்று இடம் ஒதுக்கி, ஆளுக்கொன்றாக இளைஞர்களை நிறுத்துங்கள்.

1. மட்குபவை: இலை, மீந்த சோறு, காய்கறிக் கழிவு, பூ, வாழைமரம், தோரணம். மாலையில் உள்ள நைலான் நூல், ஜிகினா ஆகியவற்றை அறுத்து எடுத்துவிடுங்கள். வாழைநாரில் கட்டிய மாலையை அப்படியே போடலாம்.
2. தேங்காய் மட்டை, சிரட்டை.
3. பிளாஸ்டிக், பாட்டில், கண்ணாடி. இவற்றை ஊராட்சித் தூய்மைக் காவலர்களிடம் ஒப்படையுங்கள்.

ஆடு, கோழி பலியிடும் கோயில்களில் அந்தக் கழிவை உரக் குவியலில் சேர்க்க வேண்டாம். நாய் தோண்டாத ஆழத்தில் தனிக்குழி எடுத்துச் சுண்ணாம்பு தூவி மூடுங்கள்.

மாட்டுக்கு எதைப் போடலாம்?

சமையலுக்கு நறுக்கிய காய்கறித் தோல், எச்சில் படாத வாழை இலை ஆகியவற்றைக் கொடுக்கலாம். மீந்த சோற்றை அள்ளி அள்ளி வைக்காதீர்கள். ஒரே நேரத்தில் அதிகச் சோறு தின்ற மாட்டுக்கு வயிற்றில் அமிலம் கூடி, அசைபோடுவது நின்று, உயிருக்கே ஆபத்து வரலாம். அப்படித் தின்றுவிட்டது தெரிந்தால் காத்திருக்காமல் கால்நடை மருத்துவரை அழையுங்கள்.

மட்க வைக்கும் முறை

தண்ணீர் தேங்காத, நிழலான மேட்டு நிலத்தைத் தேர்ந்தெடுங்கள். குவியல் 4 முதல் 5 அடி அகலம், 3 முதல் 4 அடி உயரம் இருக்கட்டும். நீளம் கழிவின் அளவைப் பொறுத்தது.

• வாழைத்தண்டு, இலையைச் சிறு துண்டுகளாக நறுக்குங்கள். சாம்பார், ரசம் போன்றவற்றை வடித்துவிடுங்கள். உப்பும் எண்ணெயும் மிகுந்தால் மட்குவது தாமதமாகும்.
• அடியில் அரை அடிக்கு வைக்கோல், சருகு, சோளத்தட்டை பரப்புங்கள். அதன்மேல் அரை அடி ஈரக்கழிவு, பிறகு சாணக் கரைசல், மெல்லிதாக மண். இப்படியே அடுக்கிச் செல்லுங்கள். ஈரக்கழிவு மட்டும் இருந்தால் நாற்றமும் ஈயும் வரும். காய்ந்த பொருள்தான் அதைத் தடுக்கும்.
• தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் பயோமினரலைசர் கிடைத்தால் 1 டன் கழிவுக்கு 2 கிலோ வீதம் தண்ணீரில் கரைத்துத் தெளிக்கலாம். மட்குவது விரைவாகும்.
• கைப்பிடி அள்ளிப் பிழிந்தால் விரலிடுக்கில் ஈரம் கசிய வேண்டும், ஒழுகக் கூடாது. அதுவே சரியான ஈரம்.
• 15 நாளுக்கு ஒருமுறை கிளறிவிடுங்கள். முதல் வாரங்களில் உள்ளே கை வைக்க முடியாத சூடு இருக்கும். களை விதைகளை அழிப்பது அந்தச் சூடுதான்.

மட்டையை வீணாக்காதீர்கள்

தேங்காய் மட்டை குவியலில் சீக்கிரம் மட்காது. தென்னை மரங்களுக்கிடையே குழி எடுத்து, குழிந்த பக்கம் மேலே இருக்கும்படி அடுக்கி மண் மூடினால் மழைநீரைப் பிடித்துவைத்துக் கோடையில் மரத்துக்குக் கொடுக்கும். சிரட்டையை அடுப்புக்கு வைத்துக்கொள்ளலாம்.

உரம் எப்போது தயார்?

சூடு தணிந்து, கருப்பாகி, மண் வாசனை வந்தால் தயார். 60 முதல் 90 நாட்கள் ஆகும். அளவு பாதிக்கும் கீழே வற்றிவிடும். சலித்து, தப்பி வந்த பிளாஸ்டிக்கைப் பொறுக்கிய பிறகே வயலுக்குக் கொண்டுபோங்கள். அரைகுறையாக மட்கியதை இட்டால் பயிர் மஞ்சளாகும்.

காய்த்த தென்னைக்கு ஆண்டுக்கு 50 கிலோ வீதம் இடலாம். அரை டன் உரம் 10 மரத்துக்குப் போதும். ஏக்கர் கணக்கில் இடும் அளவுக்கு ஒரு திருவிழாக் கழிவு வராது. ஆகவே தென்னை, நாற்றங்கால், வீட்டுத் தோட்டம் என்று தேர்ந்து இடுங்கள்.

முதல் ஆண்டில் எல்லாவற்றையும் செய்ய முடியாவிட்டால், பந்தியில் எடுக்கும் இலையை மட்டுமாவது பிளாஸ்டிக் படாமல் தனியாகச் சேருங்கள். ஆடியில் அந்த உரத்தை ஊரார் கண்ணால் பார்த்துவிட்டால், அடுத்த திருவிழாவில் கூடை பிடிக்க ஆள் தேட வேண்டியிருக்காது.